ஏறாமல் நின்ற கண்ணாடி

(வானொலி மறையுரை – திருவருகைக்காலம் மூன்றாம் ஞாயிறு, 15 டிசம்பர் 2024. நற்செய்தி: லூக்கா 3:10-18)



இன்று திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருச்சபை இதை அழைக்கிறது. ஆனால் நம் புதுச்சேரியில் பல வீடுகளில் மெத்தை இன்னும் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. இந்த நிலையில் மகிழுங்கள் என்று சொல்ல எங்களுக்கே தயக்கமாக இருக்கிறது. அதனால் பெரிய செய்தி எதையும் சொல்லாமல், இந்த இரண்டு வாரத்தில் எங்களுக்கு நடந்த ஒரு சின்ன காரியத்தைச் சொல்கிறோம்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு உபதேசியாரும் நாங்களும் பங்கின் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் மரம் விழுந்திருக்கிறதா என்று ஒருவரிடம் கேட்க இடது பக்கக் கண்ணாடியை இறக்கினோம். இறங்கியது. திரும்ப ஏறவில்லை. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் ஒரு முனகல் மட்டும் கேட்டது. அழுத்த அழுத்த, கொஞ்ச நேரத்தில் அந்த முனகலும் நின்றுவிட்டது. நனைந்துகொண்டே வீடு வந்து, பாலிதீன் தாளை வைத்து டேப் ஒட்டினோம்.

அன்று இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு காலைக்குள், ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊரில் ஓராண்டு பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிருஷ்ணா நகரில் இராணுவ வீரர்கள் படகில் வந்து மக்களை மீட்டார்கள். அது திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. கடலும் அலையும் முழங்க மக்கள் கலங்குவதைப் பற்றிய நற்செய்தியைத்தான் அன்று வாசித்தோம். வாசிக்கும்போது குரல் நடுங்கியது.

திங்கட்கிழமை உணவுப் பொட்டலங்களோடு கிளம்பினோம். பாலிதீன் தாள் இருந்தால் பக்கக் கண்ணாடி தெரியவில்லை என்று உபதேசியார் அதைக் கிழித்துவிட்டார். தண்ணீரில் வண்டி நத்தை போல ஊர்ந்தது. ஒரு டீக்கடை ஓரம் நின்றபோது, "சாமி!" என்று ஒரு குரல்.

அவர் நம் பங்கைச் சேர்ந்தவர்தான். ஓராண்டுக்கு முன் திருவிழாக் கணக்கில் எங்களோடு மனத்தாங்கல் ஆகி, "இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்க" என்று சொல்லிப் போனவர். அதே டீக்கடையில் அவர் நிற்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறோம். ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதிரே பார்த்தபடி கடந்து போயிருக்கிறோம். அவரும் பார்க்காதது போல நிற்பார். அன்று ஏற்றுவதற்குக் கண்ணாடி இல்லை. அவர் முகம் எங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

"அம்மாவ மாடியில பக்கத்து வீட்டுல படுக்க வச்சிருக்கேன் சாமி. மாத்திரை எல்லாம் தண்ணியில போயிடுச்சி" என்றார். வண்டியைத் திருப்பினோம்.

அந்தத் தாய் படுத்த படுக்கை. முன்பு மாதாமாதம் முதல் வெள்ளி அவர்களுக்கு நற்கருணை கொண்டுபோவோம். மகன் வராதே என்றதும் நாங்கள் நின்றுவிட்டோம். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அன்பியத்தில் சொல்லி ஒருவரை அவரோடு பேசச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயர் குறைந்தது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். அன்று அந்தத் தாய் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் சாமி ரொம்ப நாளா வரல? நா ஏதாவது தப்பு செஞ்சிட்டனா?" என்று கேட்டார்கள். அன்பு நேயர்களே, அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மகனும் தலை குனிந்து நின்றார், நாங்களும் நின்றோம்.

வியாழக்கிழமைதான் மெக்கானிக்கைப் பார்க்க முடிந்தது. நெல்லித்தோப்பில் அவர் பட்டறை முன்னால் தண்ணீர் குடித்த வண்டிகள் வரிசையாக நின்றன. மற்ற மூன்று கண்ணாடியும் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்தார். செய்தன. "அப்ப பியூஸ் போகல." பொத்தானை அழுத்தி, காதைக் கதவில் வைத்துக் கேட்டார். "மோட்டாருக்குக் கரண்டு போவுது. ஒயரும் அறுந்து போகல." பிறகு கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கறுப்பாக மண்.

"சாமி, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. இந்த வழியிலதான் வருசக்கணக்கா மண்ணு சேந்து ரப்பர் இறுகிப்போச்சி. எறங்கறப்ப கண்ணாடியோட கனமும் மோட்டாருக்கு ஒதவும். ஏறணும்னா மோட்டார் அந்தக் கனத்தையும் சேத்து இழுக்கணும். நீங்க பட்டன அழுத்திக்கிட்டே இருந்தா அது சூடாகி நின்னுடும். அப்படியே விட்டா எரிஞ்சே போயிடும்."

பள்ளத்தைத் துடைத்து, சிலிகான் ஸ்பிரே அடித்தார். எண்ணெய் போடக் கூடாதாம், அது தூசியைப் பிடித்து ரப்பரையும் கெடுத்துவிடுமாம். பிறகு எங்களைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, அவர் உள்ளேயும் உபதேசியார் வெளியேயும் உள்ளங்கையால் கண்ணாடியைப் பிடித்து மெல்ல மேலே தாங்கினார்கள். ஏறிவிட்டது. துடைத்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு என்ன தெரியும்? கேட்ட பணத்தைக் கொடுத்திருப்போம். அந்த வாரம் ஊரில் யாரும் பேரம் பேசும் நிலையில் இல்லை.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். மக்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். பாலைவனத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவரை ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறார். வரி தண்டுபவரிடம், குறித்த தொகைக்கு மேல் வாங்காதே என்கிறார். படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே என்கிறார். அவரவர் நிற்கும் இடத்திலேயே, கைக்கு எட்டும் காரியத்தைச் சொல்கிறார். மறையுரை எதுவும் கேட்காமலே அந்த மெக்கானிக் அதைச் செய்துகொண்டிருந்தார். மேடையில் நின்று பேசும் நாங்கள்தான் ஓராண்டாகச் செய்யாமல் இருந்தோம்.

கண்ணாடி என்றால் மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். மழைக்கு மூடுவது தவறல்ல. நின்ற இடத்திலேயே இறுகிப்போவதுதான் பழுது. நம் மனத்தாங்கல்களும் அப்படித்தான். அன்பே இல்லாமல் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அன்பு இருக்கிறது. அது வரும் வழியில்தான் சொல்லாமல் விட்ட வார்த்தை, கேட்காமல் விட்ட மன்னிப்பு என்று மண் சேர்ந்திருக்கிறது. சண்டையில் இறங்குவது எளிது, அதற்கு நம் கனமே போதும். திரும்ப ஏறத்தான் துடைக்கவும் வேண்டும், இரு பக்கமும் தாங்க ஆளும் வேண்டும். துடைப்பதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. தாங்குவதற்கு உங்கள் அன்பியத்தில், உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள்.

கார் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வண்டி வெள்ளத்தில் சிக்கினால், மின்சாரம் இருக்கும்போதே முதலில் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு கதவைத் திறப்பது மிகவும் கடினம். மனத்தாங்கலையும் தண்ணீர் ஏறும் வரை விட்டுவைக்காதீர்கள்.

டிசம்பர் 6, முதல் வெள்ளி. அந்தத் தாய்க்கு நற்கருணை கொண்டுபோனோம். மகன் மெழுகுதிரி ஏற்றி வைத்துக் காத்திருந்தார். திருவிழாக் கணக்கு இன்னும் தீரவில்லை, அதைக் கிறிஸ்மஸுக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். திரும்பும்போது அந்த டீக்கடை அருகே, நன்றாக வேலை செய்யும் கண்ணாடியை நாங்களே இறக்கினோம்.

கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போகும் ஒரு முகம் இருக்குமானால், இந்த வாரம் ஒருமுறை நின்று பேசுங்கள். அதற்கான வரத்தை ஆண்டவர் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.