மழை நாளும் வீட்டுத் தோட்டமும்

 

மழை பெய்தால் மரப்பட்டை நனைகிறது. பால் வெட்டுக் கோட்டை மீறி வழிந்து வீணாகிறது. வெட்டு நின்றால் வருமானம் குறைகிறது. ஆனால் அடுப்பு நிற்பதில்லை. ஆகவேதான் வீட்டோரம் நாலு பாத்தி வேண்டும் என்கிறோம்.

1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, நம்மவர் பசியைத் தணித்தது மரவள்ளிக்கிழங்கு. அதை நாம் மறக்கலாகாது.

மழைக்காலத்தில் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் மழையன்று. வேரடியில் தேங்கும் நீரே. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, இடையே வடிகால் வெட்டுவோம். சரிவான இடத்தில் பாத்தி குறுக்கே அமையட்டும், மண் கரையாது. கனமழைக்கு முன் உரமிட்டால் வெள்ளத்தோடு போய்விடும். மழை ஓய்ந்தபின் சிறிது சிறிதாக இடுவோம். ஈரம் விரும்பும் கங்கோங்கைப் பள்ளத்தில் நடுவோம். துளசியும் கற்பூரவல்லியும் நீர் தேங்கினால் அழுகும். அடியில் துளையிட்ட தகரத்தில் வளர்த்துத் தாழ்வாரத்தில் வைப்போம். நத்தைகளை விடியற்காலையில் பொறுக்குவோம். வெறும் தகரத்தையும் சிரட்டையையும் கவிழ்த்து வைப்போம். அவற்றில் தேங்கும் நீரில்தான் டெங்கிக் கொசு பெருகுகிறது.

இறுதியாக ஒன்று. கீரைப் பாத்தி கூலிக்கு ஈடாகாது. “தோட்டம் போட்டிருக்கிறீர்களே, மழை நாளுக்குச் சம்பளம் எதற்கு?” என்று எவர் கேட்டாலும் நாம் ஏற்கலாகாது. கீரை நம் ஓய்வு நேர உழைப்பு. மழை நாள் சம்பளம் நம் கோரிக்கை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடோம்.