நேரசூசியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்

 

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஹஸரத், மகனுடைய மறதிக்கு ஏதாவது ஓதித் தாருங்கள்" என்றார். மகன் தரம் 7 இல் கற்பவன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவன். இப்போதோ ஒப்படைகளை உரிய நாளில் கொடுப்பதில்லை. தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் இரவுதான் கொப்பியில் பாதிப் பாடங்கள் இல்லை என்று அழுகிறான். "கேட்டால் பொய் சொல்கிறான் ஹஸரத்" என்று சொல்லும்போது அத்தாயின் குரல் தழுதழுத்தது.

நான் துஆச் செய்தேன். பின்னர் ஒரு கேள்வி கேட்டேன். புலமைப்பரிசில் காலத்தில் அவனுக்கு நேரசூசி போட்டவர் யார்? "நான்தான்." காலையில் எழுப்பியவர், புத்தகப்பையை அடுக்கியவர், நாளை என்ன பாடம் என்று பார்த்தவர்? எல்லாவற்றுக்கும் அதே பதில்தான் வந்தது.

சகோதர சகோதரிகளே, அந்தப் பிள்ளை மாறிவிடவில்லை. அவன் மீது விழுந்த வேலையே மாறியிருக்கிறது. ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பாசிரியர் கற்பிக்கிறார். தரம் 6 க்குச் சென்றதும் கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர், சிங்களத்துக்கு ஒருவர். ஒருவர் கொடுத்த ஒப்படை மற்றவருக்குத் தெரியாது. அவை அனைத்தையும் ஒன்றுசேர்த்து, எது முந்தியது, எது பிந்தியது எனத் தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறோம். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. திட்டமிடுதலில் பெரும் பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ச்சியடைந்துகொண்டே இருக்கிறது என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகின்றனர். ஆகவே இதனைச் சோம்பல் என்றும் குணக்கேடு என்றும் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம்.

என்னையே உதாரணமாகச் சொல்கிறேன். அரபுக் கல்லூரி விடுதியில் தங்கிக் கற்ற காலத்தில் மணியடித்தால் எழுவோம், மணியடித்தால் ஓதுவோம், மணியடித்தால் உண்போம். நான் மிகவும் ஒழுங்கானவன் என்றே எண்ணியிருந்தேன். பட்டம் பெற்று வெளியேறிய முதலாவது வருடத்தில் ஒரு ஜும்ஆ உரையைக்கூட வியாழன் இரவுக்கு முன்னர் ஆயத்தம் செய்ய என்னால் முடியவில்லை. ஒழுங்கு மணியிடம் இருந்தது, என்னிடம் இருக்கவில்லை. நம் வீடுகளில் உம்மாமார் அந்த மணியாக இருக்கிறார்கள்.

அல்குர்ஆனில் நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அரசரின் கனவுக்கு விளக்கம் சொன்னபோது, பஞ்சம் வரப்போகிறது, கவனமாயிருங்கள் என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஏழு வருடங்கள் தொடர்ந்து பயிரிட வேண்டும். அறுவடை செய்ததைக் கதிரிலேயே விட்டுவைக்க வேண்டும். உண்பதற்கான சிறிதளவை மட்டும் எடுக்க வேண்டும். பின்வரும் ஏழு கடின வருடங்கள் அந்தச் சேமிப்பை உண்டுவிடும் என்று விபரமாக எடுத்துரைத்தார்கள். எத்தனை வருடம், என்ன வேலை, எப்படிக் களஞ்சியப்படுத்துவது, எவ்வளவு எடுப்பது என்ற அனைத்தும் அதில் அடங்கியிருந்தன. நாமோ, "மகனே, நன்றாகப் படி, நேரத்தை வீணாக்காதே" என்கிறோம். இது நல்ல புத்திமதிதான். ஆனால் இதைக் கேட்ட பிள்ளை எழுந்து போய் எந்தக் கொப்பியைத் திறப்பான்?

இரண்டு வாரத்தில் இலங்கையின் ஆறுகளைக் குறித்த தேசப்படம் ஒன்றைச் சமர்ப்பிக்குமாறு ஆசிரியர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இது ஒரே வேலையாகத் தெரிகிறது. பெரிதாக இருப்பதால் தள்ளிப்போடுகிறான். பதின்மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு பிரிஸ்டல் போர்ட் இல்லை என்று கண்டுபிடிக்கப்படுகிறது. வாப்பா கடைக்கு ஓடுகிறார், கடை பூட்டியிருக்கிறது. இறுதியில் உம்மாவே படத்தை வரைந்து முடிக்கிறார். புள்ளி பிள்ளைக்குக் கிடைக்கிறது, பயிற்சி உம்மாவுக்குக் கிடைக்கிறது. இதற்குப் பதிலாக ஒப்படை கிடைத்த அன்றே பிள்ளையோடு அமர்ந்து, இதில் எத்தனை சிறு வேலைகள் இருக்கின்றன என்று கேளுங்கள். தாள் வாங்குவது, எல்லைக்கோட்டைப் பிரதிசெய்வது, ஆறுகளைக் குறிப்பது, நிறந்தீட்டுவது, குறிப்பெழுதுவது என்று அவன் தன் கையாலேயே எழுதட்டும். பேனை உங்கள் கைக்கு வந்துவிட்டால் அது மீண்டும் உங்களுடைய திட்டமாகிவிடும்.

அடுத்து, ஒவ்வொரு சிறு வேலையையும் ஒரு நேரத்தில் கட்டிவைக்க வேண்டும். நமக்கு அல்லாஹ் அருளிய வசதி ஐவேளைத் தொழுகை. நம் நாட்டில் மஃரிப் நேரம் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மாறுவதில்லை. "பின்னேரம் செய்வேன்" என்பது காற்றில் எழுதியது. "மஃரிப் தொழுது, குர்ஆன் ஓதிய பின்னர் முன்அறை மேசையில் ஆறுகளைக் குறிப்பேன்" என்பதில் நேரமும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ் என்ற கண்ணியமான வார்த்தையை அதன் பின்னர் சொல்லச் செய்யுங்கள். செய்யமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தையாக அதனை ஆக்கிவிட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர், நாமுந்தான். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அவன் விளையாடட்டும், அதில் கைவைக்காதீர்கள்.

மனிதன் தன் வேலைக்குத் தேவையான நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறான். கனடாவில் நடத்தப்பட்டு 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தமது ஆய்வுக் கட்டுரையை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் எடுக்கும் என்றனர். எடுத்ததோ 55 நாட்களுக்கு மேல். அவர்களே அப்படியென்றால் தரம் 7 மாணவனை என்ன சொல்வது? வேலையைத் தொடங்குமுன் எத்தனை நிமிடம் என்று எழுதட்டும். முடித்தபின் உண்மையில் எடுத்ததைப் பக்கத்தில் எழுதட்டும். ஒரு மாதத்தில் அவன் தன்னைப் பற்றி அறிந்துகொள்வதை நம் ஏச்சு ஒரு வருடத்திலும் கற்பிக்காது.

பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை. "முடித்துவிட்டாயா?" என்ற கேள்விக்கு இரண்டே விடைகள் உள்ளன. ஏச்சும் அடியும் விழும் வீட்டில் ஒரே விடைதான் உண்டு. "எந்தப் பகுதி வரை வந்திருக்கிறாய்? அடுத்தது என்ன?" என்று கேட்டுப்பாருங்கள். உண்மையைச் சொல்ல அவனுக்கு அங்கே இடமிருக்கும். மறந்துவிட்டுப் போன பொருளைப் பாடசாலை வாயிலுக்குக் கொண்டு ஓடவும் வேண்டாம். சிறிய இழப்பைச் சிறிய வயதிலேயே அவன் சந்திக்கட்டும். ஆனால் மாலையில் வீடு திரும்பியதும் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்காதீர்கள்.

அந்தத் தாய் கடந்த மாதம் தொலைபேசியில் பேசினார். மகன் இப்போதும் மறக்கிறானாம். கேத்திரகணிதப் பெட்டியை ஒருநாள் விட்டுவிட்டுப் போய் ஆசிரியரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். ஆனால் வரலாற்று ஒப்படைக்கு 20 நிமிடம் என்று எழுதி, 50 நிமிடம் எடுத்ததைக் கண்டு, அடுத்த ஒப்படைக்குத் தானாகவே ஒரு மணித்தியாலம் என்று எழுதினானாம். "பையை அடுக்காமல் சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது ஹஸரத்" என்றார். அவருக்காகவும் துஆச் செய்தேன்.