நினைவகம் வாங்கப் புறப்படுமுன்

செகந்திராபாத் பார்க்லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டருக்குள் கம்ப்யூட்டர் சாமான் வாங்க நுழைகிறவர், வீட்டு மேஜைக் கணினிக்கு ‘ராம்’ வேண்டும் என்று மட்டும் சொல்லி நின்றால், எந்தத் தலைமுறை என்ற எதிர்க்கேள்விக்கு விடையின்றி விழிக்க நேரிடும். டிடிஆர்-3 அட்டையில் 240 தொடுமுனைகள், டிடிஆர்-4இல் 288, டிடிஆர்-5இலும் அதே 288தான் என்றாலும், விளிம்பில் வெட்டியுள்ள சிறு பள்ளம் இடம் மாறியிருப்பதால், ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் மற்றொன்று அமராது, பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டுக்கே சேதம்.

ஆகவே, புறப்படுமுன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்லாட்டுகள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, வேகம் என்ன என்பவற்றைக் குறித்துக்கொள்வது உத்தமம். வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், ஒரே வண்டியில் பூட்டிய ஜோடி மாடுகளைப் போல, விரைவானதும் மெதுவானதன் நடைக்கே இறங்கிவிடும். எனவே 16 ஜிபி வேண்டுவோர், ஒற்றை அட்டையைவிட, ஒரே ரகத்து 8 ஜிபி அட்டைகள் இரண்டை வாங்கி, மதர்போர்டுக் கையேடு சுட்டும் ஸ்லாட்டுகளில் (நான்குள்ள போர்டுகளில் அவை அநேகமாக ஒன்றுவிட்டு ஒன்று) பொருத்தினால், இரண்டு அட்டைகளையும் ஒருசேர இயக்கும் டூயல் சேனலின் பிரயோஜனம் முழுதும் கிட்டும்.

அதிக மெகாஹெர்ட்ஸ் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அது அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். பொருத்திய பிறகும் திரை உயிர்பெறாவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்து, பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து, ஓரத் தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழும்வரை மறுபடி அழுத்திப் பாருங்கள்.