தவறை மறைத்தால் உயிர் போகும்!

(மதுரையில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்கு நோய் வந்தால் போக்கிடம் சர்க்கார் ஆஸ்பத்திரிதான். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். உள்ளே கிடப்பவர் பிழைக்க வேண்டுமே என்று வெளியே துண்டை விரித்து விழித்துக் கிடக்கிறோம். நோயால் வரும் ஆபத்து ஒருபுறம். வைத்தியத்தில் நேரும் தவறால் வரும் ஆபத்து மறுபுறம். இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை நாடே கேட்டுத் திடுக்கிட்டது. ரத்தசோகையுடன் வந்த ஒரு கர்ப்பிணிக்கு, அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் டிசம்பர் 3ஆம் தேதி ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. பலம் பெறப் போன தாய் தீராத நோயோடு திரும்பினாள்.

கிருமி எப்படித் தப்பியது? ரத்தம் கொடுத்த வாலிபர் 2016லும் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே கிருமி தெரிந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. இது முதல் கதவு. 2018ல் சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும், பிடிபடவில்லை. இது இரண்டாவது கதவு. இரண்டும் திறந்து கிடந்தன.

பிறகு விஷயம் எப்படி வெளிவந்தது? எந்த அதிகாரியும் கண்டுபிடிக்கவில்லை, தோழர்களே! வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்துகொண்ட அந்த வாலிபருக்குத் தன் நோய் தெரிந்தது. உடனே ரத்த வங்கிக்குத் தானே தகவல் கொடுத்தார். "என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்பதே அதன் பொருள். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் அவர் வாய் திறந்ததால்தான் தாய்க்கு உடனே மருந்து கொடுக்க முடிந்தது. 2019 ஜனவரியில் ராஜாஜி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சோதனையில் குழந்தைக்குக் கிருமி இல்லை என்று தெரிந்தது.

உண்மை சொன்ன வாலிபருக்கு நாம் என்ன கொடுத்தோம்? அவமானத்தைக் கொடுத்தோம். அவர் விஷம் அருந்தினார். 2018 டிசம்பர் 30ஆம் தேதி அதே ராஜாஜி ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

மூன்று லேப் சிப்பந்திகள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி 2019ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. நியாயம்தான். ஆனால் இதோடு காரியம் முடிந்ததா?

மில்லில் ஒருவன் கை மெஷினில் சிக்கினால் நிர்வாகம் என்ன சொல்கிறது? "ஆள் அஜாக்கிரதை" என்கிறது. நாம் என்ன கேட்கிறோம்? பெல்ட்டுக்கு மூடி ஏன் இல்லை? இரண்டு ஷிப்டு ஏன் தொடர்ந்து நிற்க வைத்தாய்? போன மாதம் விரல் போனபோதே ஏன் சரி செய்யவில்லை? இந்தக் கேள்விகளை ஆஸ்பத்திரியிலும் கேட்க வேண்டாமா? நமக்கு ஒரு நியாயம், நர்ஸுக்கு ஒரு நியாயமா?

தெரிந்தே பொய்க் கணக்கு எழுதியவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் களைப்பில் கைதவறியவன் ஓடிவந்து சொல்ல வழி வேண்டும். "சொன்னால் வேலை போகும், அடி விழும்" என்றால் அவன் மறைப்பான். மறைத்த தவறு நாளை இன்னொரு கட்டிலில் நடக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவை:

முதலாவது, ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதற்குப் போதிய ஆள் போட வேண்டும்.

இரண்டாவது, நோய் தெரிந்தவருக்கு ரகசியமாகச் சொல்லி, தைரியமூட்டி, சிகிச்சை கொடுக்க வேண்டும். ரகசியம் காக்க 2017ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

மூன்றாவது, ரத்தம் ஏற்றுவதில் நேரும் கோளாறுகளைப் பதிவு செய்ய 2012ல் தேசியத் திட்டம் வந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரியும் ஒளிக்காமல் அதில் பதிய வேண்டும்.

நமக்கும் வேலை உண்டு. ரத்தம் ஏற்றுமுன் நோயாளியின் பெயர், ரத்தப் பிரிவு, பையில் உள்ள தேதி ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்றும்போது குளிர் நடுக்கமோ, அரிப்போ, மூச்சுத் திணறலோ, இடுப்பு வலியோ வந்தால் அந்தக் கணமே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் கொடுக்கப் போனால், கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கிருமி புகுந்த புதிதில் சோதனையிலும் சிக்காமல் போகலாம். அப்போது உங்கள் உண்மைதான் காவல். நோய் வந்தவனைத் தெருவில் பேசிக் கொல்லாதீர்கள்.

தோழர்களே! அந்த வாலிபர் ஒரு குழந்தையைக் காப்பாற்ற உதவினார். அவரை நாம் காப்பாற்றவில்லை. அடுத்து உண்மை சொல்ல வருகிறவன் டாக்டரானாலும், தோட்டித் தொழிலாளியானாலும், ரத்தம் கொடுத்த கூலிக்காரனானாலும் அவன் பக்கம் நாம் நிற்போம்!