பொதுச்சொத்தும் பொய்யுரிமையும்



வத்தேகமவைச் சூழ்ந்த தேயிலை மலைகளிடையே உள்ள தமிழ்ப் பாடசாலையொன்றிலே, பாரதி விழாவுக்கென மாணாக்கியர் ஐவர் ஒரு பாடலைப் பயின்றனர். சொற்கள் பாரதியாருடையவை; மெட்டு, சங்கீத ஆசிரியை தாமே அமைத்தது. கொழுந்து பறிக்கும் தாய்மார் வேலைநாளிலே விழாவுக்கு வர இயலாதவர். அவர்கள் மாலையிலே கைத்தொலைபேசியிற் கண்டு மகிழட்டும் என்றே அப்பாடல் பதிவு செய்யப்பெற்று இணையத்தில் ஏற்றப்பட்டது.

சின்னாளில் ஓர் அறிவித்தல் வந்தது. பாடல் வரிகளின் உரிமை தமக்கே உண்டென்று ஓர் இசை நிறுவனம் கோரியிருந்தது. பாடசாலைக்கு வழக்கு வந்துவிடுமோ என அஞ்சிய ஆசிரியை பதிவை நீக்கிவிட்டார். "நாங்கள் களவெடுத்தோமா, டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

அக்கேள்விக்கு விடை சரித்திரத்திலே உள்ளது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் ஒலிப்பதிவுரிமை விலைக்கு விற்கப்பட்டு, கைமாறி, படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. 1948இல் வெளிவந்த 'பில்கணன்' படத்திலே பாரதி பாடல் இடம்பெற்றபோது அவ்வுரிமை பற்றிய பிணக்கு மூண்டது. மக்கள் கவிஞனின் பாட்டு ஒருவருடைய பெட்டகத்துள் அடங்குவதோ என்று அறிஞர் பலர் குரலெழுப்பினர். 1949இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைத் தன்வசமாக்கியது; 1955இல் அவற்றைப் பொதுமக்களுக்கே வழங்கிவிட்டது. செட்டியாரின் உரிமை முறைப்படி வாங்கப்பட்டது. இன்று அதே வரிகளுக்கு உரிமை கோருபவரிடமோ அத்தகைய பத்திரம் எதுவும் இருக்க இயலாது.

இலங்கைச் சட்டமும் இதனையே உறுதி செய்கின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் வாழ்நாளும் மறைவின்பின் 70 ஆண்டுகளுமே உரிமைக் காலம். அக்கணக்கிற் பார்த்தாலும் பாரதிக்கு அது 1991உடன் முடிகின்றது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பழம்பாடலுக்குப் பிறர் அமைத்த புதுமெட்டும், பிறர் பாடிய ஒலிப்பதிவும் தனியுரிமை உடையன. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1984இல் மறைந்தார். ஆதலின் அவர் எழுத்துக்களுக்கு 2054 வரை உரிமையுண்டு. உரியவர்க்கு உரியதை மறுப்பதும் பிழையே.

பெரிய நிறுவனங்களின் கோரிக்கையெல்லாம் மெய்யாகிவிடுவதில்லை. உலகெங்கும் பிறந்தநாளிற் பாடப்படும் ஆங்கில வாழ்த்துப்பாட்டுக்கு ஓர் அமெரிக்க இசை நிறுவனம் நெடுங்காலம் கட்டணம் பெற்றது. 2015இல் அந்நாட்டு நீதிபதி ஒருவர் வரிகளின் மீதான அவ்வுரிமை செல்லாதென்றார். 1 கோடியே 40 இலட்சம் டொலர் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. ஒருசிலர் துணிந்து சான்று கேட்டமையாலன்றோ அந்நீதி கிடைத்தது!

வத்தேகமவிலும் அதுவே நிகழ்ந்தது. பாடசாலையின் முதுநிலை ஆசிரியர் ஒருவர் மேற்கூறிய ஆண்டுகளை எடுத்துரைக்க, ஆசிரியை பதிவை மீண்டும் ஏற்றினார். கோரிக்கை மறுபடியும் வந்தது. இம்முறை அவர் அஞ்சவில்லை. கவிஞர் மறைந்த ஆண்டு, 1955ஆம் ஆண்டு அறிவிப்பு, மெட்டு தம்முடையது என்னும் உண்மை ஆகிய மூன்றையும் எழுதி ஆட்சேபித்தார். குறித்த தவணைக்குள் நிறுவனம் மறுமொழி தரவில்லை. கோரிக்கை தானே வீழ்ந்தது.

பொய்யுரிமை அறியாமையையும் அச்சத்தையும் கொண்டே வாழ்கின்றது. அறிவித்தல் கண்டவுடன் அழிக்காது, ஆக்கியோன் யார், மறைந்த ஆண்டு யாது, மெட்டு எவருடையது என்று முதலில் வினவுதல் வேண்டும். அன்று வினவிய சிறுமிக்கும் ஆசிரியை அந்த விடையையே கூறினார்: "இல்லை, பிள்ளை. அது உங்களுடையதுதான்."