பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி?

(ஜெஞ்சாரோமில், உயர்கல்விக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றப்பட்ட உரை)



கோலா லங்காட் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் அவற்றையொட்டிய வீடமைப்புப் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்னும் செய்தி வந்ததும் மகிழ்ச்சி பொங்குகிறது. அம்மகிழ்ச்சி அடங்கு முன்னரே கவலை ஒன்றும் வந்து சேர்கிறது. பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், போக்குவரத்துச் செலவு ஆகியவற்றோடு மடிக்கணினியும் வாங்க வேண்டுமே என்பதே அக்கவலை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. புதிய மடிக்கணினி ஒன்று ஒரு மாதச் சம்பளத்தை முழுமையாக விழுங்கி, மறு மாதச் சம்பளத்திலும் கை வைக்கக்கூடியது. ஆதலின் இதனை ஆராய்ந்து வாங்குவது, குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கும் செயலாகும்.

நாம் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது பிள்ளை பயிலும் துறையேயன்றி, கடைக்காரரின் பேச்சோ நண்பர்களின் பகட்டோ அன்று. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்னும் பழமொழி இதற்கு மிகவும் பொருந்தும்.

தமிழியல், கல்வியியல், சட்டம், கணக்கியல் போன்ற துறைகளில் பயில்வோர்க்குக் கட்டுரை எழுதவும், கணக்குப் பட்டியல் போடவும், இணையத்தில் நூல் தேடவும் கணினி வேண்டும். இவற்றிற்கு எளிய கணினியே போதும். கணினி அறிவியல் பயில்வோர்க்குச் சற்றே ஆற்றல் மிகுந்தது தேவை. பொறியியல், கட்டடக்கலை, வரைகலை ஆகிய துறைகளில் பயில்வோர், எந்த மென்பொருளைப் பயன்படுத்துவார்கள் எனப் புலத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் நலம். செர்டாங்கிற்கோ பாங்கிக்கோ செல்லும் பிள்ளை, முதல் இரண்டு வாரம் நூலகக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டு, மூத்த மாணவரிடமும் விரிவுரையாளரிடமும் விசாரித்த பின் வாங்கினால் இழப்பு ஏதுமில்லை. பதிவு நாளுக்கு முந்திய இரவு அவசரமாக வாங்குவதே இழப்பில் முடியும்.

கைக்கணினி போதாதா எனச் சிலர் கேட்கலாம். அரசாங்கம் 2022 ஆம் ஆண்டில் 'பெராந்தி சிஸ்வா' திட்டத்தின்வழிக் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்க்குக் கைக்கணினிகளை வழங்கியது. நூல் படிக்கவும் இணைய வகுப்பில் கலந்துகொள்ளவும் அவை உதவும். ஆயினும், நூறு பக்க ஆய்வேட்டை அடிக்குறிப்புகளோடு எழுதி முடிப்பதற்கு மடிக்கணினியே தக்கது.

இனி, கடையில் எதனைப் பார்க்க வேண்டும் என்பதைக் காண்போம். முதன்மையானவை மூன்று.

முதலாவது, ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். இது நாம் வேலை செய்யும் மேசையைப் போன்றது. மேசை சிறியதாயின் ஒரு நூலை எடுத்துவைத்த பிறகே மற்றொன்றை விரிக்க முடியும். 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது. கணினி அறிவியல், பொறியியல் மாணவர்க்கு 16 ஜிகாபைட் வேண்டும். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் கூட்ட இயலாது. ஆதலால், கூட்ட இடமுண்டா எனக் கேட்டறிதல் அவசியம்.

இரண்டாவது, கோப்புகளைச் சேமித்து வைக்கும் அலமாரியாகிய சேமிப்பகம். இஃது எஸ்.எஸ்.டி. வகையாக இருத்தல் வேண்டும். 256 ஜிகாபைட்டேனும் இருத்தல் வேண்டும். பழைய சுழல்தட்டு வகை, கணினியை ஆமைபோல் நகரச் செய்யும். மிக மலிவான புதிய கணினிகள் சிலவற்றில் 64 அல்லது 128 ஜிகாபைட் கொண்ட இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்பகம் இருக்கும். ஓராண்டிற்குள் அது நிரம்பிவிடும், மாற்றவும் இயலாது. மலிவு என எண்ணி வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, செயலி. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. எனவே விண்டோஸ் 11 ஏற்கும் கணினியையே வாங்குதல் நலம். இன்டெல் செயலியாயின், பொதுவாக அது எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். இதனை அறிவது எளிது. 'ஐ5-8250' என எழுதியிருந்தால் எட்டாம் தலைமுறை; 'ஐ5-6200' எனில் ஆறாம் தலைமுறை. 'ஐ7' என்னும் பெயரைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. நான்காம் தலைமுறை ஐ7-ஐக் காட்டிலும் எட்டாம் தலைமுறை ஐ5 நமக்குப் பயன்படும்.

இவற்றைத் தெரிந்துகொண்டோமானால், பயன்படுத்திய கணினியையும் துணிந்து வாங்கலாம். பெரிய நிறுவனங்கள் தம் அலுவலகக் கணினிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகின்றன. அவ்வாறு கழிக்கப்படும் திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் வகைகள் உறுதியாகச் செய்யப்பட்டவை. புதியவற்றின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைப்பவை. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மட்டுமன்றி, கிள்ளான் வட்டாரக் கடைகளிலும் விசாரிக்கலாம்.

ஆயின், வாங்குமுன் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, வைஃபை ஆகியன இயங்குகின்றனவா எனக் காண வேண்டும். மின்கல அறிக்கையைக் காட்டச் சொல்ல வேண்டும். புதிதாக இருந்தபோது அது கொண்ட மின்னளவும், இப்போது கொள்ளும் மின்னளவும் அதில் தெரியும். பாதியாகக் குறைந்திருப்பின், புதிய மின்கலத்தின் விலையைக் கழித்துக் கேட்பதே முறை. கணினியைத் துடைத்துத் தொடங்கும்போது ஏதேனும் நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்குமானால், அதனை வாங்கவே வேண்டா. அது முறைப்படி விடுவிக்கப்படாத பொருள்.

பழையதைப் பயன்படுத்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. 2018 ஆம் ஆண்டில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்த பின்னர், நம் ஜெஞ்சாரோமைச் சூழ்ந்து அனுமதியற்ற ஆலைகள் முளைத்ததையும், இரவில் எழுந்த புகை மக்களை வருத்தியதையும் நாம் மறக்கவில்லை. கழிவு எங்கோ சென்று மறைவதில்லை. யாரோ ஒருவரின் ஊரில்தான் குவிகிறது. நல்ல கணினி ஒன்று மேலும் நான்காண்டு உழைக்குமானால், அந்தக் குவியலில் ஒன்று குறையும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, பணம் கொடுக்குமுன் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும். மாணவர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு மைக்ரோசாப்ட் ஆபிஸைக் கட்டணமின்றிப் பயன்படுத்தப் பல பல்கலைக்கழகங்கள் வகை செய்துள்ளன. ஆட்டோகேட் போன்ற வரைவு மென்பொருளையும் அதன் நிறுவனம் மாணவர்க்கு இலவசமாக வழங்குகிறது. இவ்வசதி இல்லாதோர்க்கு லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. 2010 ஆம் ஆண்டில் தோன்றிய இத்தொகுப்பு முற்றிலும் இலவசம். கட்டுரை, கணக்கு, படவுரை ஆகிய மூன்றையும் இதில் செய்யலாம். விரிவுரையாளர்க்கு அனுப்பும்போது 'டாக்ஸ்' அல்லது 'பி.டி.எப்.' வடிவில் சேமித்தால் போதும். புள்ளியியலுக்கு ஆர், ஜமோவி ஆகியவையும், பொறியியல் கணக்கிற்கு ஆக்டேவும் இலவசமாகக் கிடைக்கின்றன.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி வீட்டில் இருக்குமானால், அதனை எறிந்துவிட வேண்டா. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மிண்ட் ஆகியவற்றை அதில் நிறுவலாம். இவற்றிற்கும் கட்டணமில்லை. ஆயினும், துறைக்குரிய மென்பொருள் இவற்றில் இயங்குமா என முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தமிழில் எழுதவும் செலவில்லை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், கணினித் தமிழ் வளர்ச்சியில் சிறந்த இடம் பெற்றது. 2001 ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இன்று விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளது.

களவு மென்பொருளை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். அது 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்குப் புறம்பானது. அதனோடு நுழையும் நச்சுநிரல், தேர்வுக்கு முந்திய நாள் ஆய்வேட்டையே அழித்துவிடவும் கூடும். எந்தக் கணினியாயினும், எழுதியதன் படியொன்றை வேறிடத்திலும் வைத்திருப்பது மாணவர் கடமை.

இறுதியாகப் பணம் குறித்துச் சில சொற்கள். தவணையில் வாங்குவோர் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், தவணை முழுவதையும் கூட்டி ரொக்க விலையோடு ஒப்பிட வேண்டும். வருமான வரி செலுத்தும் பெற்றோர், தமக்கோ துணைவருக்கோ பிள்ளைக்கோ வாங்கும் கணினிக்கு, 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவின் கீழ் உரிமை கோரலாம். தம்பிக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தால் இது பொருந்தாது. ரசீது எவர் பெயரில் இருக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்தல் நலம்.

ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கடையில் வாங்கிய பொருள் பழுதாகி, கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதின்றித் தனியாளிடம் வாங்குவோர்க்கு இப்பாதுகாப்பு கிட்டுவது அரிது.

பெற்றோர்களே! விலையுயர்ந்த கணினி வாங்கித்தர இயலவில்லையே என வருந்த வேண்டா. மாணவர்களே! தோழர் கையிலுள்ளதைக் கண்டு தாய்தந்தையரை நெருக்க வேண்டா. எட்டு ஜிகாபைட் ரேம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், எட்டாம் தலைமுறைச் செயலி, முறையான இலவச மென்பொருள் ஆகிய நான்கும் அமைந்த கணினி, பெரும்பாலான துறைகளில் பட்டம் பெறும் நாள் வரை உடன் வரும். மிஞ்சும் பணம் நூலுக்கும் உணவுக்கும் உதவட்டும்.