குறையைத் தேடும் கருவி

ஒரு பொறியின் குறையை நீக்குவதற்கு அறிஞர் பலர் எண்பது ஆண்டுக்கு மேலாக உழைப்பதும், அக்குறை நீங்கியபின் அதனையே மீண்டும் உண்டாக்க வேறொரு பொறியைச் செய்வதும் உலகில் அடிக்கடி நிகழ்வனவல்ல. ஒலிப்பதிவுக் கலையிலே இவ்விந்தை நிகழ்ந்திருக்கின்றது. காந்த நாடாவிற் பதிந்த ஒலி மூல ஒலியினின்றும் சற்றே திரிந்து வரும். அத்திரிபைக் குறைப்பதே நாடாப் பொறி செய்தோரின் நோக்கமாயிருந்தது. இலக்கமுறைப் பதிவு வந்து அத்திரிபை நீக்கியது. பின்னர், அதே திரிபை எண்களாற் கணித்துத் தரும் செயலிகள் விலைக்கு வந்தன. போக்கியதை ஏன் மீண்டும் அழைத்தனர்? அழைத்தது உண்மையில் வந்ததா? இவையே இப்பேச்சின் பொருள்.

1898 ஆம் ஆண்டிலே டென்மார்க்கு நாட்டவரான வால்டெமார் பவுல்சன் உருக்குக் கம்பியொன்றில் மனிதக் குரலைக் காந்தமாகப் பதித்து மீட்டுக் காட்டினார். 1900 ஆம் ஆண்டிற் பாரிஸ் மாநகர்க் கண்காட்சியில் அக்கருவி வைக்கப்பட்டபோது, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு அதன் முன் பேசினார். அக்குரல் இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. 1928 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த பிரிட்ஸ் புளோய்மர் கம்பியை விட்டுக் கடதாசியை எடுத்தார். வெண்சுருட்டின் நுனியிற் பொன்னிறப் பட்டி அமைக்கும் தொழிலை அறிந்த அவர், நீண்ட கடதாசி நாடாவில் இரும்புத் தூளைப் பூசினார். 1935 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜீ. நிறுவனத்தின் மாக்னெற்றோபோன் என்னும் நாடாப் பொறி மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், சேர் தோமஸ் பீச்சம் நடத்திய லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவின் இசை லூட்விக்ஸ்ஹாபன் நகரில் நாடாவிற் பதிவாயிற்று. பதிவாயிற்றேயன்றி, தெளிவாகப் பதிவாகவில்லை. இரைச்சலும் கரகரப்பும் மிகுந்திருந்தன.

அதன் காரணம் நாடாவின் இயல்பிலேயே உள்ளது. நாடாவின் மேற் பூசப்படுவது இரும்பு ஒட்சைட்டின் நுண்ணிய துகள்கள். ஒலி மின்னோட்டமாக மாறிப் பதிவுத் தலையின் சுருளிற் பாயும்போது, அத்தலையின் இடுக்கிலே காந்தப் புலம் எழுகின்றது. இடுக்கைக் கடக்கும் துகள்கள் அப்புலத்துக்கேற்பக் காந்தமேறிச் செல்கின்றன. இங்கே இரண்டு இடையூறுகள் உள. புலம் மிகச் சிறிதாயின் துகள்கள் அசைந்து கொடா, இது முதலாவது. புலம் மிகப் பெரிதாயின், அசையக்கூடியவை யாவும் அசைந்து முடிந்தபின் மேலும் அசைய ஒன்றும் இராது, இது இரண்டாவது. இந்த இரண்டாம் நிலையையே நிரம்பல் என்பர்.

கொத்தினால் அரிசி அளப்பவரை நினைத்துக்கொண்டால் இவ்விரண்டும் எளிதில் விளங்கும். அரிசி ஆங்காங்கே சிக்கிக்கொண்டு சீராக அமராதிருக்கையில் அவர் கொத்தைத் தட்டுவார். தட்டியதும் மணிகள் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும். 1940 ஆம் ஆண்டிற் பெர்லின் வானொலிப் பொறியியலாளரான வால்டர் வெபர் கண்டது இத்தகையதொரு தட்டுதலையே. அவருடைய பெருக்கியொன்று எதிர்பாராதவாறு தானாகவே அலைவுற்று, செவிக்கு எட்டாத உயர்ந்த மீடிறனில் மின்னோட்டத்தைப் பிறப்பித்தது. அவ்வேளையிற் செய்த பதிவு வியக்கத்தக்க தெளிவோடு ஒலித்தது. கேளா ஒலியின் ஓயாத அதிர்ச்சி துகள்களின் சோம்பலைப் போக்கியிருந்தது. முதலாம் இடையூறு இவ்வாறு தீர்ந்தது. இரண்டாவது தீரவில்லை, தீரவும் மாட்டாது. கொத்தின் கொள்ளளவைத் தட்டுதலால் மாற்ற இயலுமா?

1945 இல் அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த ஜாக் மலின் என்பவர், பாட் நௌஹைம் என்னும் ஜெர்மன் ஊரில் இப்பொறிகளைக் கண்டார். இரண்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தாயகத்துக்கு அனுப்பினார். 1946 இற் சான் பிரான்சிஸ்கோவிற் பொறியியலாளர் கூட்டத்தில் அவற்றை இயக்கிக் காட்டினார். 1947 இற் பாடகர் பிங் குரொஸ்பியின் வானொலி நிகழ்ச்சி நாடாவில் ஏறியது. 1948 இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் முதலாவது நாடாப் பொறி வெளிவந்தது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உலகத்து இசையிற் பெரும்பகுதி நாடாவின் வழியே சென்றது.

அந்த நாற்பது ஆண்டுகளிற் பதிவாளர் ஓர் உண்மையைச் செவியாற் கண்டறிந்தனர். முரசும் தாழ்சுர வாத்தியங்களும் சற்று மிகையான வலிமையோடு நாடாவிற் பதிந்தால், கெட்டுப்போகாமற் பருத்துத் திரண்டு ஒலித்தன. நிரம்பல் திடீரென்று வருவதன்று. கொத்து நிறைந்தபின்னும் அரிசி கும்பமாகச் சிறிது ஏறிப் பின்னரே சரியத் தொடங்குவதுபோல, காந்தமேற்றமும் மெல்ல மெல்ல வளைந்தே தன் எல்லையை அடைகின்றது. அலையின் கூரிய உச்சிகள் வெட்டுப்படாமல் உருண்டு தணிகின்றன. உச்சி தணியவே, ஒலியின் மற்றைப் பகுதிகள் ஒப்பளவில் உயர்ந்து தோன்றுகின்றன.

அலை உருளும்போது மூல ஒலியில் இல்லாத புதிய தொனிகளும் பிறக்கின்றன. நாடாவின் வளைவு அலையின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் ஒன்றுபோல் அமைவதால், மூன்று மடங்கும் ஐந்து மடங்குமான மீடிறனுடைய மேற்றொனிகளே அதில் முதன்மை பெறும். இவை இசையறிந்தார்க்குப் புதியன அல்ல. சட்சத்தின் மூன்று மடங்கு மேற்றாயிப் பஞ்சமம். ஐந்து மடங்கு அதற்கும் மேலே ஒலிக்கும் அந்தர காந்தாரம். தம்புராவின் தந்தியை மீட்டினால், மீட்டாத காந்தாரம் தானே எழுந்து கேட்பதை அறியாத பாடகர் இலர். நாடா சேர்த்த திரிபும் அவ்வினத்தைச் சார்ந்தமையாற் செவி அதனைப் பகையாகக் கொள்ளவில்லை. மூன்றாம் மேற்றொனி மூல ஒலியின் 100 இல் 3 பங்காக வளரும் அளவையே நாடா தாங்கக்கூடிய உச்ச வலிமையென்று பொறியியலாளர் வரையறுத்தனர்.

1982 இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. இதில் ஒலி ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக எழுதப்படுகின்றது. இரைச்சல் அகன்றது, திரிபும் அகன்றது. ஆனால் இம்முறையிற் கும்பமாக அளத்தல் இல்லை. தலைதட்டி அளத்தலே உண்டு. மேற்படியைத் தாண்டிய அலை கத்தியால் அரிந்ததுபோல் வெட்டுப்பட்டுச் செவியைக் குத்தும். நாடாவின் மிதப்பிற் பழகிய பதிவாளர் பலர், புதிய பதிவு தெளிவானதே ஆயினும் மெலிந்தும் கூர்மையாகவும் ஒலிக்கின்றதென்றனர்.

அவர்களுடைய வேட்கைக்கு விடையாகவே செயலிகள் பிறந்தன. அமெரிக்காவின் கிரேன் சோங் நிறுவனம் ஆக்கிய ஹெட் என்னும் கருவி இவற்றுட் பெயர்பெற்றது. அதன் முகப்பில் இருவகை வெற்றிடக் குழாய்களின் தன்மைக்கு இரண்டும், நாடாவின் தன்மைக்கு ஒன்றுமாக மூன்று திருகுகள் உள. 1978 இல் வெளிவந்த ஸ்டூடர் ஏ 800 என்னும் பல்தடப் பொறியைப் பின்பற்றி, 2010 இல் யூனிவேர்சல் ஓடியோ நிறுவனம் ஒரு மென்பொருளை வெளியிட்டது. நான்கு வகை நாடாக்களும், செக்கனுக்கு ஏழரை, 15, 30 அங்குலம் என மூவகை வேகங்களும் அதிற் கணிதமாக அடங்கியுள்ளன. பழைய இரைச்சலை வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதோர் நிறுத்திவிடலாம்.

இக்கணிதம் எவ்வாறு நிகழ்கின்றது? மிக எளிய வழி, ஒவ்வோர் எண்ணையும் ஒரு வளைகோட்டின் வழியே செலுத்துவதாகும். சிறிய எண் மாறாமற் செல்லும். பெரிய எண் சற்றுத் தணிந்து செல்லும். மேலோட்டமான ஒற்றுமையே இதனாற் கிடைக்கும். ஏனெனில் உண்மையான நாடாவுக்கு நினைவு உண்டு. துகள் இப்போது எந்நிலையில் இருக்கும் என்பது இப்போதைய புலத்தை மட்டுமன்றி, அதற்கு முன் அது இருந்த நிலையையும் பொறுத்தது. புலம் ஏறும்போது காந்தம் ஒரு வழியாற் செல்லும். இறங்கும்போது வேறொரு வழியால், பின்தங்கியே மீளும். இதனைக் காந்தப் பின்னிடைவு என்பர். இப்பின்னிடைவுக்கு ஜைல்ஸ், அதர்ட்டன் என்னும் இருவர் 1980 களில் ஒரு சமன்பாட்டை வகுத்தனர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ஜாதின் சௌத்ரி, அச்சமன்பாட்டை ஒவ்வோர் ஒலியளவுக்கும் உடனுக்குடன் தீர்க்கும் முறையொன்றை 2019 இல் வெளியிட்டார். சோனி நிறுவனத்தின் பழைய சுருள்நாடாப் பொறியொன்றே அவருக்கு மாதிரியாயிருந்தது.

இன்னொரு முட்டுப்பாடும் உண்டு. செக்கனுக்கு 44,100 அளவுகள் கொண்ட பதிவு, அதன் பாதியான 22,050 இற்கு மேற்பட்ட மீடிறனைத் தாங்காது. 10,000 மீடிறனுடைய ஒரு தொனிக்குச் செயலி மூன்றாம் மேற்றொனியைப் பிறப்பித்தால் அது 30,000 ஆகும். இடமற்ற அத்தொனி மறைந்துபோவதில்லை. மடங்கித் திரும்பி 14,100 இல் வந்து ஒலிக்கும். 10,000 உடன் அதற்கு யாதொரு சுருதியுறவும் இல்லை. நாடாவில் ஒருபோதும் தோன்றாத இந்த அபசுரமே தொடக்ககாலச் செயலிகள் சிலவற்றை வெறுக்கச் செய்தது. ஆகையால் நல்ல செயலி, ஒலியளவுகளை முதலில் நான்கு அல்லது எட்டு மடங்காகப் பெருக்கிக்கொண்டு கணித்து, மிஞ்சிய உயர் தொனிகளை வடித்தபின்னரே பழைய எண்ணிக்கைக்கு மீள்கின்றது.

இவ்வளவு முயற்சி ஒரு நயத்துக்காக மட்டும் செய்யப்படுவதன்று. 2004 ஆம் ஆண்டு முடிவில், அலபாமா மாநிலத்து ஒப்பெலைக்கா நகரிலே பதிவு நிலையங்களுக்கு நாடா செய்துவந்த குவாண்டிஜி தொழிற்சாலை மூடப்பட்டது. நாடாவையே நம்பியிருந்த நிலையங்கள் எஞ்சிய சுருள்களைத் தேடி அலைந்தன. பின்னர் அமெரிக்காவிலும் பிரான்சு நாட்டிலும் நாடா செய்யும் தொழில் மீண்டும் தழைத்ததாயினும், பழைய பொறிகளின் தலைகள் தேய்கின்றன. அவற்றைச் செப்பனிட அறிந்த கைகளும் அருகி வருகின்றன. நன்கு பேணப்பட்ட பொறிகள் இயங்கும்போதே அவற்றை அளந்து கணிதமாக்காவிடின், பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மூலமே இராது.

எனினும் இக்கருவியை எங்கே பயன்படுத்தலாம், எங்கே ஆகாது என்பதில் விழிப்பு வேண்டும். புதிய பாடலுக்கு மெருகூட்டுவது கலைஞரின் உரிமை. பழைய பதிவைக் காப்பகத்துக்காக மீட்பவர் அதன்மீது செயற்கை நிரம்பலைப் பூசினால், அது சான்றைத் திருத்துவதாகும். அந்நாடா தாங்கி நின்ற திரிபு எது, பின்னர் சேர்ந்தது எது என்று பிறகு எவராலும் பிரித்தறிய இயலாது. மேலும், செயலியைச் சேர்த்தவுடன் ஒலி சிறிது உரத்துவிடுவது வழக்கம். உரத்த ஒலியைச் செவி நல்லொலியென்று மயங்கும். ஆதலால் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்து, எது எதுவென்று அறியாமற் கேட்டுப் பார்த்தபின்னரே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

தேர்ந்த பதிவாளர் சிலர் இத்திருகைக் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. மாற்றம் செவிக்குத் தெரியும்வரை ஏற்றுவர். தெரிந்தவுடன் சிறிது இறக்கிவிடுவர். பின்னர் செயலியை முற்றாக நிறுத்திப் பார்ப்பர். நிறுத்தியபோது ஏதோவொன்று குறைந்ததாகத் தோன்றினால் அதனை வைத்துக்கொள்வர், தோன்றாவிடின் அகற்றிவிடுவர். நாடாப் பொறி இருந்த நாளில் இத்தேர்வுக்கு இடமிருக்கவில்லை. குறையை நாடாவே தந்தது. இன்று அதனை வேண்டும் அளவு இடுவதும், வேண்டாவிடத்து விடுவதும் கேட்பவர் செவியின் பொறுப்பாயிற்று.